வாளியிலும் 6.6, தொட்டியிலும் 6.6: பிறகு ஏன் மீன் மேலே வருகிறது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். 100 லிட்டர் செடித் தொட்டி. செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) போகிறது. விளக்கு எரியும் நேரத்தில் தொட்டியின் பிஎச் 6.6. குழாய்த் தண்ணீரின் பிஎச் 7.8, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 8. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே 1.2 வித்தியாசம் இருக்கிறதே என்று பயந்து, புதுத் தண்ணீரை வாளியில் பிடித்து, குளோரின் நீக்கியை ஊற்றி, பிஎச் குறைக்கும் திரவத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டு, மீட்டரில் 6.6 வந்த கையோடு தொட்டியில் ஊற்றுகிறீர்கள். அரை மணி நேரத்தில் நியான் டெட்ரா மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஓரிரு நாளில் இறால் இரண்டு மூன்று செத்துக் கிடக்கின்றன. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மறுநாள் அளந்தால் பிஎச் மறுபடி 8 பக்கம் போய் நிற்கிறது. ‘எவ்வளவு திரவம் விட்டால் பிஎச் ஏறாமல் நிற்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது தண்ணீர் மாற்றும் நாளில் உயிர்கள் ஏன் அவதிப்படுகின்றன என்பதைத்தான். பிஎச் வித்தியாசம்தான் காரணம் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டதால், கேள்வி திரவத்தின் அளவில் வந்து நின்றுவிட்டது. என் கணக்குப்படி டெட்ராக்களை மேலே அனுப்புவதே அந்தத் திரவம்தான். இறால் சாவது அநேகமாக வேறு விஷயம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். வீட்டில் செடித் தொட்டி வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடல்நீர்த் தொட்டியைப் பற்றியோ, டிஸ்கஸ் போன்ற மீன்களைக் குஞ்சு பொரிக்க வைப்பது பற்றியோ பேச எனக்குத் தகுதி கிடையாது. நன்னீர், செடி, சின்ன மீன், இறால் என்ற வட்டத்துக்குள்தான் சொல்கிறேன். இன்னொன்று, உங்கள் தொட்டியை நான் பார்க்கவில்லை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன்.

முதலில் கேஎச். தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவைத்தான் அது ஏறக்குறையக் காட்டுகிறது. ஒரு டிகிரி கேஎச் என்றால் லிட்டருக்குச் சுமார் 21.8 மில்லிகிராம் பைகார்பனேட். கால்சியம் கார்பனேட் கணக்கில் பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டும் கிட் என்றால் 17.9-ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். சிஓ2 விடும் தொட்டியில் பிஎச்சைத் தீர்மானிப்பது இரண்டே விஷயங்கள்: தண்ணீரில் எவ்வளவு பைகார்பனேட் இருக்கிறது, எவ்வளவு சிஓ2 கரைந்திருக்கிறது. சிஓ2 பிபிஎம் = 3 × கேஎச் × 10^(7 − பிஎச்) என்ற சூத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கேஎச் 4 உள்ள தண்ணீரில் பிஎச் 7.6 என்றால் சிஓ2 சுமார் 3 பிபிஎம். அதே தண்ணீரில் பிஎச் 6.6 என்றால் 30 பிபிஎம். கேஎச் அப்படியே இருக்கும்போது பிஎச் ஒரு புள்ளி இறங்கினால் சிஓ2 பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று பொருள்.

இப்போது உங்கள் வாளிக்கு வருவோம். கேஎச் 8, பிஎச் 7.8 உள்ள குழாய்த் தண்ணீரில் சிஓ2 நான்கு பிபிஎம்கூட இருக்காது. அதில் அமிலத்தை விடுகிறீர்கள். அமிலம் பைகார்பனேட்டைத் தின்கிறது, தின்ற பைகார்பனேட் சிஓ2-ஆக மாறுகிறது. ஒரு டிகிரி கேஎச்சை அமிலத்தால் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 15.7 மில்லிகிராம் சிஓ2 பிறக்கும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால், உங்கள் வாளியில் பிஎச் 6.6 வரும்போது கேஎச் 5.6 அளவுக்கு இறங்கியிருக்கும், சிஓ2 40 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும். மீட்டர் 6.6 காட்டுகிறது, நீங்களும் ‘பொருந்திவிட்டது’ என்று ஊற்றுகிறீர்கள். உண்மையில் நீங்கள் ஊற்றுவது சோடாத் தண்ணீரின் தம்பியை. தொட்டியில் ஏற்கெனவே சிலிண்டர் சிஓ2 இருக்கிறது, அதோடு இதுவும் சேர்கிறது. வெளியே சிஓ2 அதிகமானால் மீன் தன் ரத்தத்தில் உள்ள சிஓ2-வைச் செவுள் வழியாக வெளியேற்றத் திணறும், ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனும் குறையும். தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் மீன் மேலே வந்து வாயை அசைக்கும். நீங்கள் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் வாளியில் பிஎச் 8 பக்கம் ஏறியதற்கும் இதுவே விளக்கம். இரவு முழுக்க சிஓ2 காற்றில் கலந்து போய்விட்டது, மிச்சமிருந்த பைகார்பனேட் பிஎச்சை மேலே இழுத்துக்கொண்டது. திரவம் வேலை செய்யாமல் போகவில்லை. கேஎச்சைக் குறைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. பிஎச் ஏறாமல் நிற்க வேண்டுமானால் கேஎச் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வரும்வரை அமிலம் விட வேண்டும். அப்புறம் பிஎச் சட்டென்று மாறாமல் பிடித்து நிறுத்தும் தாங்குசக்தியே தொட்டிக்கு இருக்காது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் என்றால் பாஸ்பேட்டும் தேவையில்லாமல் ஏறும். ஆகவே ‘எவ்வளவு விட வேண்டும்’ என்ற கேள்விக்கு என் பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் எதுவும் கலக்காத குழாய்த் தண்ணீர். ஒரு ஏர் பம்பில் இரண்டு குழாய் பிரித்து இரண்டிலும் காற்றுக்கல் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். தொட்டித் தண்ணீர் எடுத்த தம்ளரில் முதல் பத்து நிமிடத்திலேயே பிஎச் மீட்டரின் எண் ஊர ஆரம்பிக்கும்: 6.6, 6.8, 7.0 என்று. காலையில் பார்த்தால் இரண்டும் 8 பக்கத்தில் அருகருகே நிற்கும், இரண்டின் கேஎச்சும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால். முந்தின நாள் உங்களைப் பயமுறுத்திய 1.2 வித்தியாசத்தில் எவ்வளவு வெறும் வாயு, எவ்வளவு உண்மையான உப்பு வித்தியாசம் என்று அந்த இரண்டு தம்ளரும் சொல்லிவிடும். காலையிலும் அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கேஎச் பெரிய அளவில் வேறுபடுகிறது என்று அர்த்தம், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

சிஓ2-வால் வரும் பிஎச் ஏற்ற இறக்கத்தை மீன்கள் தாங்கும் என்பதற்கு உங்கள் தொட்டியே சாட்சி. காலையில் சிலிண்டர் திறந்து இரண்டு மணி நேரத்தில் பிஎச் ஒரு புள்ளி இறங்குகிறது, இரவில் மறுபடி ஏறுகிறது. தினமும் நடக்கிறது, டெட்ராக்கள் கண்டுகொள்வதில்லை. ‘பிஎச் ஷாக்’ என்று சொல்லப்படும் சாவுகளில் பெரும்பாலானவை உப்பு அளவு சட்டென்று மாறியதாலோ, குளோரினாலோ, அமோனியாவாலோ வந்தவை என்பது என் கருத்து. பிஎச் மாற்றம் எப்போதுமே பாதகமில்லை என்று சொல்ல மாட்டேன். அமிலமோ காரமோ நேரடியாகக் கொட்டி 5-க்குக் கீழேயோ 9-க்கு மேலேயோ தள்ளினால் செவுள் புண்ணாகும், அதில் சந்தேகமில்லை.

அந்தச் சூத்திரத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் பைகார்பனேட்டைத் தவிர வேறு தாங்கிகள் இருந்தால் கணக்கு தப்பும். பிஎச் குறைக்கும் திரவத்தின் பாஸ்பேட், மரக்கட்டையிலிருந்து இறங்கும் பழுப்புச் சாயம், ஆக்டிவ் சாயில் எனப்படும் செடி மண் ஆகிய மூன்றும் குழப்பும். சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் வைத்திருப்பவர்கள் அதில் கேஎச் 4-க்குத் தயாரித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரையே ஊற்றினால் அது காட்டும் நிறத்துக்கு அர்த்தமில்லை. பச்சை என்றால் ஏறத்தாழ 30 பிபிஎம், மஞ்சள் என்றால் அதிகம். அதுவும் நடப்பு நிலையைக் காட்டாது, ஒன்று இரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் வரும்.

இங்கே ஒரு சந்தேகம் எனக்கு உறுத்துகிறது. குழாயில் கேஎச் 8, வாரம் பாதி மாற்றம், ஆனால் தொட்டியின் கேஎச் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண மணல் தொட்டி என்றால், வாராவாரம் நீங்கள் ஊற்றும் அமிலத் தண்ணீரை வைத்து தொட்டியின் கேஎச் 5, 6 பக்கம் வந்திருக்கும். அங்கே பிஎச் 6.6 என்றால் சிஓ2 ஏற்கெனவே 40 பிபிஎம். ஒருவேளை கேஎச் 8 அப்படியே இருந்தால் 60. அதாவது சாதாரண நாளிலேயே உங்கள் மீன்கள் விளிம்பில் நின்றுகொண்டிருக்கலாம், தண்ணீர் மாற்றும் நாளில் ஒரு தள்ளு விழுகிறது. ஆக்டிவ் சாயில் போட்டிருந்தால் அது பைகார்பனேட்டை உறிஞ்சி கேஎச்சை இன்னும் கீழே வைத்திருக்கும், அப்போது 6.6 பாதுகாப்பான எண்ணாகவே இருக்கலாம். ஆகவே முதல் வேலை தொட்டியின் கேஎச்சை அளப்பது. ஐந்து மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, நீலம் மஞ்சளாகும்வரை எண்ணும் கிட்தான் வீட்டுக்குப் போதும். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொட்டில் நிறம் ஒரேயடியாகத் தாவும், அந்தத் தாவலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் பத்து மில்லி எடுத்து எண்ணி, வரும் எண்ணைப் பாதியாக்குங்கள். பட்டைக் காகித டெஸ்ட்டில் கேஎச் பார்ப்பதை நான் நம்புவதில்லை.

சரி, தண்ணீர் மாற்றும்போது எதைத்தான் பொருத்த வேண்டும்? கேஎச், ஜிஎச், மொத்த உப்பு, வெப்பம். இந்த நான்கும் அருகருகே இருந்தால் பிஎச் தானாக வந்து சேரும். ஜிஎச் என்பது கால்சியமும் மக்னீசியமும். மொத்த உப்பை டிடிஎஸ் மீட்டர் காட்டும். உண்மையில் அது மின்கடத்துதிறனை அளந்து ஒரு மாறிலியால் பெருக்கிக் காட்டுகிறது, ஆகவே எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் பழைய தண்ணீரையும் புதுத் தண்ணீரையும் ஒரே மீட்டரால் ஒப்பிட அது நல்ல கருவி.

இறால் சாவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான். உப்பு அளவோ வெப்பமோ சட்டென்று மாறினால் இறால் நேரமில்லாத நேரத்தில் ஓடு கழற்றப் பார்க்கும். புது ஓடு உள்ளே தயாராக இல்லாதபோது கழற்றினால் பாதியில் மாட்டிக்கொண்டு செத்துவிடும். செத்த இறாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைக்கவசமும் உடலும் சேரும் இடத்தில் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் போல ஒரு வெடிப்பு தெரிந்தால் அது ஓடு கழற்றும்போது நேர்ந்த சாவு. தண்ணீர் மாற்றி ஒன்று இரண்டு நாள் கழித்துச் சாவதும் அதோடு பொருந்துகிறது. வெடிப்பு எதுவும் இல்லாமல், ஊற்றிய சில மணி நேரத்திலேயே எல்லாம் துள்ளித் துள்ளிச் சாய்ந்தால் குளோரினையோ, குழாயிலிருந்து கரையும் செம்பையோ பார்க்க வேண்டும். இறால் உள்ள தொட்டியில் 50 சதவீதத்தை ஒரேயடியாக மாற்றுவதற்குப் பதில் வாரம் இரண்டு முறை 20 சதவீதம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஊற்றுவதையும் காற்றுக் குழாய் வழியாக மெதுவாகச் சொட்ட விட்டால் இன்னும் நல்லது. டிடிஎஸ் ஏறுவதைவிட இறங்குவது மோசம் என்பது என் அனுபவம். மீன், இறால் இரண்டின் உடலிலும் உப்பு வெளியே இருப்பதைவிட அதிகம், வெளியே இன்னும் நீர்த்துப்போனால் தண்ணீர் உள்ளே புகும் வேகம் கூடும் என்பதால் அது நியாயமாகவும் படுகிறது.

குளோரின் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண குளோரின் காற்றுக்கல்லோடு ஒரு இரவு வைத்தால் போய்விடும். சில இடங்களில் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள், அது அப்படி லேசில் போகாது. சோடியம் தயோசல்பேட் இரண்டையும் உடைக்கும், ஆனால் குளோரமினை உடைத்தால் அமோனியா மிச்சம் நிற்கும். நன்றாகப் பழகிய ஃபில்டரும், அடர்த்தியாகச் செடியும், 7-க்குக் கீழ் பிஎச்சும் இருந்தால் அந்த அமோனியா பெரிய தொந்தரவு தராது. அமோனியாவையும் கட்டிப்போடும் என்று சில நீக்கிகளின் லேபிள் சொல்கிறது. அதை நம்பி அளவைக் கூட்டிக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்தக் கூற்றைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. வாளியில் கலந்தால் வாளியின் அளவுக்கு மருந்து, ரப்பர் குழாயில் நேராகத் தொட்டிக்குள் விட்டால் முழுத் தொட்டியின் அளவுக்கு மருந்து, அதுவும் தண்ணீர் விடுவதற்கு முன்னால்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துபவர்களுக்குக் குளோரின் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் சிஓ2 நிறையவும் இருக்கலாம். அப்போதுதான் இறைத்த தண்ணீர் பிஎச் 6.8 காட்டும், மறுநாள் அதே தண்ணீர் 8 காட்டும். எனவே புதுத் தண்ணீரின் பிஎச்சை அளந்து எழுதி வைக்கிறீர்கள் என்றால் ஒரு நாள் காற்றடித்த பிறகு அளந்ததை எழுதுங்கள். தண்ணீர் மாற்றிய உடனே எல்லா இலையிலும் கண்ணாடியிலும் குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து ‘செடி சந்தோஷமாக ஆக்சிஜன் விடுகிறது’ என்று பலர் படம் போடுகிறார்கள். கண்ணாடியிலும் கல்லிலும் ஹீட்டரிலும்கூடக் குமிழ் இருந்தால் அது அழுத்தத்தில் இருந்த தண்ணீர் வாயுவைக் கக்குவது, ஒளிச்சேர்க்கை கிடையாது.

வெப்பத்தைக் கணக்கிட்டே விடலாம். பாதித் தண்ணீரை 6 டிகிரி குளிர்ந்த தண்ணீரால் மாற்றினால் தொட்டி 3 டிகிரி இறங்கும். இரண்டு டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், போதும். தண்ணீர் இறக்குவதற்கு முன் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். சூடான கண்ணாடி காற்றில் நின்று, பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் படாரென்று வெடிக்கும். இதை இரண்டு முறை மறந்து இரண்டு ஹீட்டர் வாங்கியிருக்கிறேன். சிஓ2-வையும் தண்ணீர் மாற்றத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள், மாற்றி முடித்து ஃபில்டர் ஓடி மேற்பரப்பு அசையத் தொடங்கிய பிறகு திறங்கள். ஃபில்டர் நின்றிருக்கும்போது சிஓ2 மட்டும் போய்க்கொண்டிருந்தால் அதுவே மீனை மேலே கொண்டுவந்துவிடும்.

கேஎச் 8 அதிகமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலான செடிகளுக்கும், பண்ணையில் பிறந்து வளர்ந்த டெட்ராக்களுக்கும், செர்ரி இறாலுக்கும் அது ஒன்றும் பிரச்சினை இல்லை. டோனினா, எரியோகாலான் மாதிரியான மென்நீர்ச் செடிகளோ, கிரிஸ்டல் இறாலோ வேண்டுமென்றால்தான் குறைக்க வேண்டும். அப்படியானால் அமிலத்தை விட்டுவிட்டு ஆர்ஓ தண்ணீரைக் கலப்பதுதான் ஒழுங்கான வழி. பிஎச் கலப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது, கேஎச் நேர் விகிதத்தில் கலக்கும். கேஎச் 8 தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ ஒரு பங்கு சேர்ந்தால் 4. ஜிஎச்சும் அதே போலப் பாதியாகும், அது 4-க்குக் கீழே போனால் உப்பு சேர்க்க வேண்டும். 50 லிட்டருக்கு ஜிஎச் ஒரு டிகிரி ஏற்ற எப்சம் உப்பு என்றால் 2.2 கிராம், ஜிப்சம் என்றால் 1.5 கிராம் ஆகும். மூன்று பங்கு கால்சியம், ஒரு பங்கு மக்னீசியம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த விகிதம் அவ்வளவு முக்கியமா என்பதில் எனக்கு உறுதியில்லை, இரண்டுமே இருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. ஜிப்சம் கரைய நேரமாகும், முந்தின இரவே கலந்து பம்ப் ஓட விடுங்கள். முழு ஆர்ஓ தண்ணீரில் கேஎச் ஏற்ற வேண்டியவர்கள் 50 லிட்டருக்கு 1.5 கிராம் சமையல் சோடா போட்டால் ஒரு டிகிரி ஏறும். பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் 1.8 கிராம், செடிக்கு சோடியத்தைவிடப் பொட்டாசியம் பயன்படும். உப்பை வைத்துக் கடினத்தை நீக்கும் வீட்டு சாப்ட்னர் இதற்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது, கேஎச் அப்படியே இருக்கும்.

ஆவியாகிக் குறையும் தண்ணீரைக் கடினத் தண்ணீரால் நிரப்புவதும் ஒரு பிழை. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. வாரம் 10 லிட்டர் குறைந்து அதைக் கேஎச் 8 தண்ணீரால் நிரப்பினால் 100 லிட்டர் தொட்டியில் வாரம் 0.8 டிகிரி ஏறிக்கொண்டே போகும். குறைவதை நிரப்ப ஆர்ஓ, மாற்றுவதற்குக் கலந்த தண்ணீர் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரே மாற்றாமல் விட்ட தொட்டி தனி ரகம், அதில் நான் ஒரு பாடம் படித்திருக்கிறேன். மாதக்கணக்கில் மாற்றாத ஒரு தொட்டி, கேஎச் கிட் முதல் சொட்டிலேயே மஞ்சள். ஃபில்டர் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது கேஎச்சைச் செலவழிக்கிறது, தீர்ந்துபோனால் பிஎச் 6-க்குக் கீழே சரியும், பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். அமோனியா சேர்ந்துகொண்டே போகும், ஆனால் அந்த பிஎச்சில் அநேகமாக முழுவதும் தீங்கில்லாத அமோனியம் வடிவில் இருப்பதால் மீன் நீந்திக்கொண்டிருக்கும். 25 டிகிரியில் பிஎச் 6-இல் மொத்த அமோனியாவில் விஷமான பங்கு சுமார் 0.06 சதவீதம், பிஎச் 8-இல் 5 சதவீதத்துக்கு மேல். எனக்கு இது புத்தகத்தில் தெரியும், கையில் வரவில்லை. அழுக்காக இருக்கிறதே என்று ஒரே மதியத்தில் பெரும்பகுதியை நல்ல கடினத் தண்ணீரால் மாற்றினேன். பிஎச் எகிறியது, மிச்சமிருந்த அமோனியா விஷமாகியது, சாயங்காலத்துக்குள் பாதி மீன் போய்விட்டது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் அமோனியாவை அளந்து, தினம் 10 சதவீதம் என்று மெல்ல மெல்லக் கொண்டுவர வேண்டும்.

வாரம் 50 சதவீதம் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. செடித் தொட்டி வளர்ப்பாளர் டாம் பார் பரப்பிய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் என்ற உர முறையில், உரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டு வாரக் கடைசியில் பாதியை மாற்றிச் சேர்ந்ததைக் குறைப்பார்கள். வாரம் போடும் உரத்தை மாற்றும் பங்கால் வகுத்தால் அதிகபட்சச் சேர்மானம் கிடைக்கும், செடி ஒன்றுமே தின்னவில்லை என்று வைத்துக்கொண்டால். பாதி மாற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் சேராது, கால் பங்கு மாற்றினால் நான்கு மடங்கு. நீங்கள் அவ்வளவு உரம் போடவில்லை என்றால் அவ்வளவு மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. தண்ணீர் மாற்றிய பிறகு, புதுத் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுக்கு உரத்தைக் கணக்கிட்டுப் போடுங்கள். இரும்பையும் பாஸ்பேட்டையும் ஒரே கையில் ஊற்றாமல் வேறு வேறு நாளில் போடுவது நல்லது, சேர்ந்தால் படிந்துவிடும்.

தண்ணீர் மாற்றும்போது சிஓ2 ஏறி இறங்குவதால்தான் கறுப்புத் தாடிப் பாசி வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சிஓ2 சீரான தொட்டிகளில் அது குறைவாகத் தெரிகிறது என்பது வரை சரி. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவதே காரணம் என்று நிரூபித்ததாக நான் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். திரவம் எதுவும் விடாமல், வெறும் குளோரின் நீக்கி மட்டும் போட்டு, ஒரு இரவு காற்றடித்த தண்ணீரில் 20 லிட்டரை மட்டும் மாற்றுங்கள். முந்தின ஒரு மணி நேரம் சிஓ2-வை நிறுத்தியிருக்க வேண்டும். டெட்ராக்கள் கீழேயே இருந்தால் என் கணக்கு சரி. மறுபடி மேலே வந்தால் குளோரமினைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது தொட்டியின் கேஎச், இரண்டு தண்ணீரின் ஜிஎச்சும் டிடிஎஸ்ஸும், அடியில் போட்டிருப்பது என்ன மண், திரவத்தின் லேபிளில் எந்த அமிலம் என்று எழுதியிருக்கிறது ஆகியவற்றை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம். செத்த இறாலின் கழுத்தைக் கிட்டே எடுத்த படம் ஒன்று இருந்தால் அதையும் போடுங்கள்.